இதை உண்மையில் யார் சொன்னது? மேற்கோளின் மூலத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

மகளிர் தினக் கூட்டம் ஒன்றின் அழைப்பிதழைப் பிழை பார்த்துத் தரச் சொல்லி நண்பர் அனுப்பியிருந்தார். மேலே பெரிய எழுத்தில் "மங்கையராய்ப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டுமம்மா". அதன் கீழே "மகாகவி பாரதியார்". ஒற்றுப்பிழைகூட இல்லை. பெயர் மட்டும்தான் தப்பு. அது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாட்டு. சொன்னேன். "நெட்டில் எல்லா இடத்திலும் பாரதியார் என்றுதானே இருக்கிறது?" என்றார்.

இருக்கிறதுதான். ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போட, அதை இன்னும் பத்துப் பேர் எடுத்துப் போட, ஆயிரம் இடத்தில் வந்துவிடும். ஆனால் ஆயிரம் பேரும் ஒரே ஆளைப் பார்த்து எழுதியிருந்தால் சாட்சி ஒன்றுதான். அந்த ஒன்றும் தவறாக இருந்தால் எண்ணிக்கையால் என்ன பயன்?

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். இணைய இணைப்பு, ஒரு நோட்டு, கொஞ்சம் சந்தேகப்படும் குணம், ஒரு மாலை நேரம். இவ்வளவு போதும். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

பெயரைத் தேடாதீர்கள், ஆண்டைத் தேடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு, வாசகத்தையும் பெயரையும் சேர்த்துத் தேடுவது. "ஐன்ஸ்டைன் பைத்தியக்காரத்தனம் மேற்கோள்" என்று தட்டினால் கூகுள் உங்களுக்கு ஐன்ஸ்டைனைத்தான் காட்டும். நீங்கள் கேட்டதே அதைத்தானே! பெயரை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் தேடுங்கள். "யார் சொன்னது" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, "இந்த வாசகம் முதன்முதலில் எந்த ஆண்டில் அச்சில் வந்திருக்கிறது" என்று கேளுங்கள். ஆண்டு கிடைத்தால் பாதிப் பெயர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அந்த ஐன்ஸ்டைன் வாசகத்தையே எடுத்துக்கொள்வோம். "ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு வேறு விளைவை எதிர்பார்ப்பதே பைத்தியக்காரத்தனம்." இதை இப்படி அச்சில் தேடிப் போனவர்களுக்கு 1980களின் தொடக்கத்தில், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான குழுக்களின் வெளியீடுகளில் தடம் கிடைத்தது. 1983இல் ரீட்டா மே பிரவுன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் நாவலில் வருகிறது. ஐன்ஸ்டைன் இறந்தது 1955இல். அவர் எழுதியவற்றில் இந்த வாசகம் இல்லை. கால் நூற்றாண்டு இடைவெளியை எந்தப் புகழாலும் தாண்ட முடியாது.

முன்வரி என்ன, பின்வரி என்ன?

இரண்டாவது கேள்வி இது. என் அனுபவத்தில் பாதி வேலையை இதுவே முடித்துக் கொடுத்துவிடும். உண்மையான வாசகம் தனியாகப் பிறப்பதில்லை. பாட்டில், கடிதத்தில், சொற்பொழிவில், எங்கோ நடுவில்தான் பிறந்திருக்கும். அதற்கு முன்னால் ஒரு வரியும் பின்னால் ஒரு வரியும் இருந்தே ஆகவேண்டும். போலி வாசகத்துக்கு அக்கம்பக்கம் கிடையாது. பூப்படத்தின் மேல் அனாதையாக நிற்கும்.

கவிமணி பாட்டுக்கு அடுத்த அடி "பங்கயக் கைந்நலம் பார்த்தலவோ இந்தப் பாரில் அறங்கள் வளரும் அம்மா". இந்த அடியைத் தேடினால் நேரே கவிமணியின் பாடல் தொகுப்புக்குப் போய்ச் சேர்வீர்கள். பாரதியார் பாடல் தொகுப்பில் தேடினால் வெறுங்கைதான்.

பின்வரியைத் தேடப் போய் வேறொன்றும் தெரியவரும். "மெல்லத் தமிழினிச் சாகும்" என்று பாரதி சொன்னார் என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். வரி பாரதியுடையதுதான், ஐயமில்லை. ஆனால் இரண்டு அடி தள்ளிப் படியுங்கள்: "என்றந்தப் பேதை உரைத்தான்" என்று வருகிறது. அடுத்து, "ஆ! இந்த வசையெனக் கெய்திடலாமோ?" பேசுவது தமிழ்த்தாய். யாரோ ஒரு பேதை சொன்ன வசையைத் தாய் எடுத்துச் சொல்லிக் கொதிக்கிறாள். "சென்றிடுவீர் எட்டுத் திக்கும்" என்று பிள்ளைகளை ஏவுகிறாள். பேதையின் பேச்சை வெட்டி எடுத்துப் பாரதியின் கருத்து என்று ஒட்டுவது, நாடகத்தில் வில்லன் பேசும் வசனத்தை எழுதியவரின் கொள்கை என்று சொல்வதற்குச் சமம். ஆகவே "யார் எழுதியது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எழுத்துக்குள் பேசுவது யார் என்றும் பாருங்கள்.

"கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளோடு முன்தோன்றி மூத்த குடி" என்பதும் இப்படித்தான். தமிழின் பழமையைச் சொல்லும் வரி என்று எடுத்துக்காட்டி, திருக்குறள் என்பார்கள், சங்க இலக்கியம் என்பார்கள். ஐயனாரிதனார் எழுதிய புறப்பொருள் வெண்பாமாலையின் கரந்தைப் படலத்தில் இருக்கிறது அது. அங்கே அது ஒரு மறக்குடியின் பழமையைப் பாடும் வெண்பாவின் முடிவு. வெண்பாவில் தமிழ் என்ற சொல்லே கிடையாது.

தேடுவதற்கு முன் நோட்டில் எழுதவேண்டியவை

வாசகத்தை உங்களுக்குக் கிடைத்த வடிவிலேயே எழுதுங்கள். திருத்தாதீர்கள். எந்த மொழியில் பிறந்திருக்கும் என்று ஊகித்து எழுதுங்கள். தமிழில் அதற்கு நான்கைந்து விதமான வடிவங்கள் சுற்றுகின்றன என்றால், பெரும்பாலும் அது மொழிபெயர்ப்பு. மூலம் வேறு மொழியில் இருக்கிறது, ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் தமிழாக்கியிருக்கிறார்கள். அப்போது மூலமொழிச் சொற்களை ஊகித்து அந்த மொழியிலேயே தேடவேண்டும். வால்டேர் சொன்னதாக வரும் "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்பதைப் பிரெஞ்சில் தேடியவர்கள் இப்படித்தான் திகைத்தார்கள். வால்டேர் பிரெஞ்சுக்காரர், அவர் எழுத்தில் அந்த வரி இல்லை. அது பிறந்தது ஆங்கிலத்தில், 1906இல். எவலின் பியாட்ரிஸ் ஹால் என்ற பெண்மணி, எஸ். ஜி. டாலன்டைர் என்ற புனைபெயரில் வால்டேரின் நண்பர்களைப் பற்றி எழுதிய நூலில், வால்டேரின் மனப்பான்மை இப்படி இருந்தது என்று தம் சொற்களில் சுருக்கிச் சொன்னார். மேற்கோள்குறி போட்டுவிட்டார். பிற்பாடு அது தம் சொந்த வாக்கியம் என்று அவரே விளக்கியும் பார்த்தார். யார் கேட்டார்கள்?

அப்புறம், வாசகத்தின் முதுகெலும்பு எது என்று பார்த்து அடிக்கோடிடுங்கள். மாற்ற முடியாத மூன்று நான்கு சொற்கள் இருக்கும். தேடலில் அவைதான் உதவும். முழு வாக்கியத்தையும் போட்டால் ஒரு சொல் மாறியிருந்தாலும் கிடைக்காது.

தேடும் இடங்கள்

முதல் பத்து நிமிடத்தை, மேற்கோள்களைத் திரட்டி வைத்திருக்கும் விக்கிகோட் தளத்துக்குக் கொடுங்கள். ஆங்கில விக்கிகோட்டில் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால், மூலம் தெரிந்தவை மேலே இருக்கும். கீழே சர்ச்சைக்குரியவை என்றும் தவறாக ஏற்றப்பட்டவை என்றும் தனிப் பிரிவுகள் இருக்கும். நான் கீழிருந்துதான் படிப்பேன். அடுத்து கோட் இன்வெஸ்டிகேட்டர் என்ற தளம். ஒரே வாசகத்தை எடுத்துக்கொண்டு ஆண்டுவாரியாகத் தடம் வைத்துப் போகும். இந்த வேலையை எப்படிச் செய்வது என்பதற்கே அது நல்ல பாடம். அச்சு நூல்களில் யேல் மேற்கோள் அகராதியும் ஆக்ஸ்ஃபோர்டு மேற்கோள் அகராதியும் நம்பத் தகுந்தவை. படமும் பெயரும் மட்டும் போட்டு, நூல் பெயரோ ஆண்டோ தராத பொன்மொழித் தளங்களை, எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், ஒதுக்கிவிடலாம்.

அங்கெல்லாம் இல்லையென்றால் கூகுள் புக்ஸ். முதுகெலும்புச் சொற்களை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுங்கள். கருவிகள் பகுதியில் கால வரம்பு வைக்கலாம். 2000க்கு முன் என்று வையுங்கள். கிடைத்தால் 1980க்கு முன். அங்கும் கிடைத்தால் 1960. இப்படிப் பின்னோக்கி நடந்துகொண்டே போய், எந்த ஆண்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லையோ அங்கே நில்லுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். கூகுள் புக்ஸில் ஒரு பத்திரிகையின் எல்லாத் தொகுதிகளுக்கும் அது தொடங்கிய ஆண்டையே போட்டிருப்பதுண்டு. 1890 என்று காட்டும், உள்ளே இருப்பது 1975ஆம் ஆண்டு இதழாக இருக்கும். முழுப் பக்கம் தெரியாமல் துணுக்கு மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அதே தொகுதிக்குள் "1974", "1975" என்று எண்களைத் தேடிப் பாருங்கள். அவையும் அதே தொகுதியில் கிடைத்தால் விஷயம் வெளுத்துவிடும். முடிந்தால் தலைப்புப் பக்கத்தைக் கண்ணால் பார்க்கும்வரை ஆண்டை நம்பாதீர்கள். அதற்கு இன்டர்நெட் ஆர்கைவும் ஹாத்திடிரஸ்ட்டும் உதவும். ஸ்கேன் செய்த பக்கங்களை அங்கே முழுதாகப் பார்க்கலாம், உள்ளே தேடவும் முடியும். பழைய செய்தித்தாள்களுக்கு ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா, இரண்டும் இலவசம்.

தமிழ் வாசகமென்றால், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் முதல் நிறுத்தம். ஆனால் தமிழில் தேடுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். "கல்தோன்றி" என்று தேடினால் மூல நூலில் கிடைக்காது, ஏனென்றால் நூலில் "கற்றோன்றி", "முற்றோன்றி" என்று புணர்ந்துதான் இருக்கும். "தனி ஒருவனுக்கு" என்பது "தனியொருவனுக்" என்று வரலாம். ஜகம் சகமாகியிருக்கலாம். யாப்புக்காகச் சீர் பிரித்து, ஒரு சொல்லின் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். ஆகவே பிரித்தும் சேர்த்தும், ஒற்றுப் போட்டும் போடாமலும், இரண்டிரண்டு சொல்லாகத் தேடுங்கள். ஸ்கேன் செய்த பழைய நூல்களில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களைக் கணினி தப்பாகப் படித்துவைத்திருக்கும். ஐகாரம் வராத சொல்லாகப் பார்த்துத் தேடினால் அகப்பட வாய்ப்பு அதிகம்.

பெரும்புள்ளிகள் பலருக்கு முழுத் தொகுப்புகள் இணையத்தில் உண்டு. காந்தியின் எழுத்தும் பேச்சும் நூறு தொகுதிகளாக வந்திருக்கின்றன, உள்ளே தேடலாம். "உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்பது அதில் இல்லை. 1913இல் இந்தியன் ஒப்பீனியன் இதழில் அவர் எழுதியதில் கொஞ்சம் நெருங்கி வரும் கருத்து இருக்கிறது: நம்மை நாம் மாற்றிக்கொண்டால் உலகின் போக்குகளும் மாறும் என்பது போல. போஸ்டரில் அச்சடிக்க அது கொஞ்சம் நீளம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் அவை சொல்லும் நூல் பெயரையும் பக்க எண்ணையும் திறந்து பார்க்காமல் எழுதாதீர்கள். இல்லாத பக்கத்தைக்கூட அவ்வளவு தெம்பாகச் சொல்லும்.

பெயர் எந்தப் பக்கம் நகரும்?

ஒரு வாசகத்துக்கு இரண்டு பெயர்கள் கிடைத்தால், அதிகம் பேருக்குத் தெரியாத பெயர்ப் பக்கம் சாயுங்கள். பெயர் எப்போதும் சிறியவரிடமிருந்து பெரியவருக்குத்தான் நகரும். நாமக்கல் கவிஞரின் "தமிழன் என்று சொல்லடா, தலை நிமிர்ந்து நில்லடா" பாரதியிடம் போகும். பாரதியின் வரி நாமக்கல் கவிஞரிடம் வந்து நான் பார்த்ததில்லை. நைஜல் ரீஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் இதற்கு சர்ச்சிலியன் டிரிஃப்ட் என்று பெயரே வைத்தார். நறுக்கென்று இருக்கும் எந்த வாசகமும் மிதந்து மிதந்து கடைசியில் சர்ச்சில் வாசலில் போய் ஒதுங்குமாம். நமக்குப் பாரதி, விவேகானந்தர், கலாம் என்று வாசல்கள் பல.

"முதலில் உன்னைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு சண்டை போடுவார்கள், பிறகு நீ ஜெயிப்பாய்" என்பது காந்தி பெயரில் ஓடுகிறது. 1918இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஆடைத் தொழிலாளர் சங்க மாநாட்டில் நிக்கலஸ் கிளைன் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகியிருக்கிறது: முதலில் கண்டுகொள்ள மாட்டார்கள், பிறகு கேலி செய்வார்கள், பிறகு தாக்கி எரிக்கப் பார்ப்பார்கள், பிறகு உங்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்புவார்கள். கிளைன் யாரென்று யாருக்குத் தெரியும்?

நாளையும் ஊரையும் சரிபாருங்கள்

சில போலிகள் கெட்டிக்காரத்தனமாக நாளும் இடமும் போட்டுக்கொண்டு வரும். அது நமக்கு நல்லதுதான், சோதிக்கப் பிடி கிடைக்கிறது. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலேயின் பேச்சு என்று ஒன்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் தலைகாட்டும். 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினாராம்: இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரரைக்கூடப் பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பான பண்பாட்டை உடைத்தால்தான் இவர்களை வெல்ல முடியும், என்று.

உட்கார்ந்து பார்ப்போம். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். அங்கிருந்து உதகமண்டலம் போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டே கல்கத்தாவுக்குப் போய்ப் பதவியில் அமர்ந்தார். பாய்மரக் கப்பல் காலம், லண்டனுக்கு ஒரு வழிப் பயணமே மாதக்கணக்கில். 1835 பிப்ரவரி 2 அன்று அவர் இருந்தது கல்கத்தாவில். லண்டன் நாடாளுமன்றத்தில் எப்படிப் பேசியிருப்பார்? அந்தத் தேதியில் அவர் பெயரில் உண்மையாகவே ஓர் ஆவணம் உண்டு, கல்வி பற்றிய புகழ்பெற்ற குறிப்பு. முழுதும் இணையத்தில் கிடைக்கிறது. படித்துப் பார்த்தால் பிச்சைக்காரர் வரி அதில் இல்லை. நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டு இந்திய, அரேபிய இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்ற வரி இருக்கிறது. அவரைத் திட்ட இதுவே தாராளமாகப் போதும், எதற்காகப் புதிதாக ஒன்றைத் தயாரித்தார்கள் என்றுதான் எனக்குப் புரிவதில்லை.

இதில் கவனிக்க: தேதி உண்மை, ஆள் உண்மை, ஆவணமும் உண்மை. வாசகம் மட்டும் பொய். போலி பெரும்பாலும் இப்படி உண்மையின் மேல்தான் ஏறி உட்காரும். பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தின் "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" கதையும் நாளைப் பார்த்தால் கவிழ்ந்துவிடும். ரூசோ அந்தக் கதையை 1760களில் எழுதியபோது "ஒரு பெரிய இளவரசி" என்று மட்டும்தான் சொல்கிறார். மரி அந்துவானெத் 1755இல் ஆஸ்திரியாவில் பிறந்த சிறுமி. பிரான்சுக்கு வந்ததே 1770இல்.

முதலில் சொன்னவர் வேறு, பரப்பியவர் வேறு

ஒருவர் உண்மையாகவே சொல்லியிருப்பார், ஆனால் முதலில் சொன்னவர் அவராக இருக்கமாட்டார். நியூட்டன் ராபர்ட் ஹூக்குக்கு எழுதிய கடிதத்தில், நான் தொலைவு பார்த்திருந்தால் அது பூதாகாரமானவர்களின் தோள்மேல் நின்றதால்தான் என்கிறார். கடிதம் இருக்கிறது. (அதில் 1675 பிப்ரவரி என்று இருக்கும், நம் கணக்கில் 1676. அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. இப்படி ஓர் ஆண்டு முன்பின்னாக வந்தால் பதற வேண்டாம்.) ஆனால் 1159லேயே ஜான் ஆஃப் சாலிஸ்பரி இந்த உவமையைச் சொல்லி, இது பெர்னார்டு ஆஃப் சார்த்ர் சொன்னது என்று எழுதிவைத்துவிட்டார். விவேகானந்தரின் "எழுமின், விழிமின்" கடோபநிஷத்திலிருந்து வந்தது. அங்கே அடுத்து வருவது மேலோரை அடைந்து அறிந்துகொள்ளுங்கள் என்பது; "குறிக்கோளை அடையும்வரை நில்லாதீர்கள்" என்று திருப்பியது விவேகானந்தர். அண்ணாவின் முழக்கமான "ஒன்றே குலம், ஒருவனே தேவன்" திருமூலருடையது. இவற்றிலெல்லாம் யாரும் திருடவில்லை. கேட்பவர்களுக்கு மூலம் தெரியும் என்று நினைத்துச் சொன்னார்கள், அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு பெயரையும் எழுதுவதுதான் சரி.

சாட்சியின் தரம்

கிடைத்த ஆதாரம் எல்லாம் ஒரே எடை அல்ல. அவரே எழுதியது, அவர் உயிரோடு இருக்கும்போது அச்சானது, உயர்ந்த சாட்சி. "கடவுள் பகடை ஆடுவதில்லை" என்பதற்கு ஐன்ஸ்டைன் 1926 டிசம்பர் 4 அன்று மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. முந்தைய வரியில் "அந்தப் பெரியவர்" என்று குறிப்பிட்டுவிட்டு, அவர் பகடை உருட்டுவதில்லை என்று தாம் உறுதியாக நம்புவதாக எழுதுகிறார். நம் வாயில் அது இன்னும் நறுக்கென்று ஆகிவிட்டது, ஆனாலும் மூலம் அவருடையதே. இதற்கு அடுத்த நிலை, கூட்டத்தில் கேட்டவர் உடனே எழுதிய செய்தி. பல ஆண்டு கழித்து ஒருவர் நினைவிலிருந்து எழுதியது அதற்கும் கீழே. ஆள் இறந்து முப்பது ஆண்டு கழித்து முதன்முதலில் தோன்றுவதை ஆதாரம் என்றே எண்ண வேண்டாம்.

எங்கே நிறுத்துவது? மூலப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தால் நிறுத்துங்கள். இல்லையென்றால், எவ்வளவு தூரம் போனீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். "இன்னார், இன்ன நூல், இன்ன ஆண்டுப் பதிப்பு, பக்கம் இவ்வளவு" என்பது முழு வெற்றி. "1918இல் அச்சில் கிடைக்கிறது, அதற்கு முன் தடமில்லை" என்பதும் மதிப்பான விடைதான், நாளை ஒருவர் 1912ஐக் கண்டுபிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். "காந்தி சொன்னதாக வழங்குவது" என்று போடலாம். "யாரோ சொன்னது" என்றே போட்டாலும் வாசகத்தின் அழகு குறையாது. பார்த்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்பார்கள்.

நண்பரின் அழைப்பிதழ் கவிமணி பெயரோடு அச்சானது. விநியோகித்த அன்று மாலையே அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் வருத்தத்தோடு சொன்னாராம்: "எல்லாம் நல்லா இருக்கு சார், பாரதியார் பாட்டுக்கு மட்டும் வேற யார் பேரையோ போட்டுட்டீங்க."